ஒட்டகச்சிவிங்கிக்குக் கையால் தீனி கொடுக்கலாமா? – கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவர் நைரோபியில் வேலை பார்க்கிறார், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அங்கே போகிறோம். ஒட்டகச்சிவிங்கிக்கு நம் கையாலேயே தீனி கொடுக்கலாமாமே? பெரியவள் இப்போதே குதிக்கிறாள், 5 வயதுச் சின்னவன் பயப்படுகிறான். கடிக்குமா டாக்டர்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வது லங்காட்டா பகுதியில் இருக்கும் ஜிராஃப் சென்டராக இருக்கும். ஜாக் லெஸ்லி-மெல்வில், பெட்டி என்ற தம்பதி 1974-ல் டெய்சி என்ற ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்ததில் தொடங்கிய இடம் அது. ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கி என்ற வகை அழிந்துவிடும் என்ற நிலை அப்போது. இங்கே வளர்ந்தவற்றில் சில பிறகு நகுரு ஏரி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள், பெரியவள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

பயத்துக்கு வருவோம். ஆடு மாட்டைப் போலவே ஒட்டகச்சிவிங்கிக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. தீனியை நாக்கால்தான் வளைத்து எடுக்கும், அந்த நாக்கு ஒன்றரை அடி நீளம், எச்சில் பிசுபிசுவென்று ஒட்டும், சின்னவன் அலறப்போவது அப்போதுதான். அங்கே உயரமான மர மேடை உண்டு, அதன் முகத்துக்கு நேராக நாம் நிற்கலாம். அங்கேயே தரும் தீவன உருண்டையை ஒவ்வொன்றாக, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டச் சொல்லுங்கள். நான் பயப்படுவது பல்லுக்கு அல்ல, தலைக்கு. தீனியைக் காட்டிவிட்டுச் சட்டென்று கையை இழுத்து விளையாட்டுக் காட்டினாலோ, தீனி இல்லாமல் பக்கத்தில் நின்று தடவினாலோ அது தலையை ஒரு வீசு வீசிவிடும், இரண்டு ஆண்கள் சண்டை போடுவதே கழுத்தை வீசி முட்டித்தான். பையனை உங்கள் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அழுதால் கட்டாயப்படுத்தாதீர்கள், கீழே திரியும் காட்டுப்பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், பாதி நேரத்தில் தானே கையை நீட்டுவான்.

அப்புறம், உருண்டையை உதட்டில் கவ்விக்கொண்டு முத்தம் வாங்குவதாகப் படம் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். அசைபோடும் விலங்குகளிடமிருந்து வயிற்றுப்போக்குக் கிருமிகள் நமக்கு வரலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தின்பண்டம்.

கேள்வி: மைசூர் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கொடுக்கலாம் என்று கேரட் வாங்கிப் போனோம், காவலர் திட்டி அனுப்பிவிட்டார். வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் தடை?
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் திட்டியது சரிதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38J-யின்படி உயிரியல் பூங்கா விலங்குக்குப் பார்வையாளர் தீனி கொடுப்பது குற்றம்.

சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலையும் வாழைப்பழத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, மறுநாள் மாடு அசைபோடாமல் படுத்துவிட்டது என்று ஓடி வருகிறவர்களை ஒவ்வொரு தையிலும் பார்க்கிறேன். முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் இலைதழைக்குப் பழகியவை, மாவுப்பொருளும் சர்க்கரையும் திடீரென்று நிறைய வந்தால் அமிலம் பெருகி மாடு செத்தே போகலாம். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே நான்கு அறை வயிறுதான். காட்டில் அது நாளெல்லாம் வேல மர இலைகளை மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு. உங்கள் ஒரு கேரட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று, ஒருவர் கேரட், ஒருவர் பிஸ்கட், இன்னொருவர் கவரோடு சிப்ஸ் என்று போட்டால் யார் கணக்கு வைப்பது? நைரோபியில் என்ன தீவனம் என்பதைப் பராமரிப்பவர்கள் முடிவு செய்கிறார்கள், பார்வையாளர் அதைக் கையில் வாங்கி நீட்டுகிறார், அவ்வளவுதான். வீட்டிலிருந்து எடுத்துப்போனதை அங்கேயும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: அதன் நாக்கு ஏன் கறுப்பாக இருக்கிறது?
– 5-ம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: நுனிப்பக்கம்தான் கருநீலம், உள்ளே போகப்போக இளஞ்சிவப்பு. நாளெல்லாம் நாக்கை வெளியே நீட்டி இலை பறிப்பதால் வெயிலில் வெந்துவிடாமல் அந்த நிறம் காப்பாற்றுகிறது என்று கருதுகிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, அது இலை பறிக்கும்வரை காத்திருந்து பாரும்மா, இரண்டு நிறமும் தெரியும்.