மிரட்டும் கத்தியும் வெட்டும் கத்தியும்

கேள்வி: பார்சல் பிரிக்க, பயணத்தில் பழம் நறுக்க, மாடித் தோட்டத்தில் கயிறு அறுக்க என்று ஒரு நல்ல மடக்குக் கத்தி வேண்டும். போன வருஷம் ஆன்லைனில் கறுப்பு நிற 'மிலிட்டரி' பாணிக் கத்தி ஒன்று வாங்கினேன். பார்க்க மிரட்டலாக இருக்கிறது. ஆனால் ஆப்பிளில் வைத்து அழுத்தினால் வெட்டுவதில்லை, பிளக்கிறது. சீக்கிரமே மழுங்கியும் விட்டது. ஐந்தாறாயிரம் போட்டால்தான் உருப்படியான கத்தி கிடைக்குமா?

பதில்: வேண்டியதில்லை. 'வெட்டுவதில்லை, பிளக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான் இருக்கிறது. இந்த வகைக் கத்திகளின் முதுகு 3, 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அந்தத் தடிமன் பெரிதாகக் குறையாமல் கீழே இறங்கி வந்து, கடைசியில் ஒரு நூலளவு இடத்தில் மட்டும் கூர் வைக்கப்பட்டிருக்கும். கருக்கு, அதாவது அந்தக் கூர் விளிம்பு, ஆப்பிளுக்குள் நுழைந்ததும் பின்னால் வரும் தடித்த உடம்பு ஆப்பு வைத்த மாதிரி இரண்டு பக்கமும் தள்ளுகிறது. எவ்வளவு உசத்தியான எஃகாக இருந்தாலும் இந்த வடிவத்தில் பழம் நறுக்க முடியாது. ஆகவே கத்தி வாங்கும்போது எஃகின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், கருக்குக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். மெல்லிய அலகுக் கத்திகளில் பலவும் பழைய, எளிய வடிவங்கள். விலையும் அதிகமில்லை. பளபளப்பான விளம்பரம் இல்லாததால் பலர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன வேலைகளுக்கு என் முதல் பரிந்துரை ஓபினெல் 8ஆம் எண். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவுவாவில் 1890இல் ஜோசஃப் ஓபினெல் என்பவர் விவசாயிகளுக்காகச் செய்த மடக்குக் கத்தி இது. இன்றும் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. பீச் மரப் பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, முதுகில் 2 மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம் உண்டு. அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் கத்தி தானாக மடங்காது. இந்தப் பூட்டு 1955இல் சேர்க்கப்பட்டது. ஐரோப்பாவில் பதினைந்து யூரோவை ஒட்டி விற்கிறது. இறக்குமதிச் செலவு சேர்ந்து இங்கே ஏறும், ஆனாலும் நீங்கள் சொன்ன ஐந்தாறாயிரத்தின் பக்கம்கூட வராது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மரப்பிடி ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். மழைக்காலத்திலோ, கழுவித் துடைக்காமல் மடக்கி வைத்தாலோ, அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டு நகத்தால் இழுத்தால் வராது. அந்த ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் வால் முனையை மேசையில் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டினால் அலகின் நுனி சற்று வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு விரலால் எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி இப்படி ஆனால் பிடியை நன்றாக உலரவிட்டு, அலகு சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஓபினெல் இரண்டு எஃகில் வருகிறது: கார்பன், ஸ்டெயின்லெஸ். கார்பன் எஃகுக்கு ரசிகர்கள் அதிகம், சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ ஒரு தடவை நறுக்கினாலே அலகு சாம்பலும் நீலமுமாகக் கறுக்க ஆரம்பிக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, செந்நிறத் துருதான் கெடுதல். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்றடிக்கும் ஊரில் இருப்பவர் ஸ்டெயின்லெஸ் எடுத்தால் நிம்மதி. கார்பன்தான் வேண்டும் என்றால், வெட்டி முடித்ததும் துடைத்து, அலகில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயைத் தடவும் பழக்கம் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் அதிகம், அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஸ்டெயின்லெஸ்தான் சொல்வது.

பார்சல் வேலையை மட்டும் இந்தக் கத்திக்குக் கொடுக்காதீர்கள். அட்டைப்பெட்டி எந்தக் கருக்கையும் தின்றுவிடும், டேப்பின் பசை அலகில் ஒட்டிப் பிசுபிசுக்கும், அதே கத்தியால் கொய்யா நறுக்கவும் மனம் வராது. அதற்குச் சரியான கருவி ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கட்டர், அதாவது மழுங்கிய நுனியை உடைத்தால் புதுக் கூர் வரும் பிளேடு. 1956இல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்தது. சாக்லெட் கட்டியைக் கோடு பார்த்து உடைப்பதிலிருந்தும், செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டின் முனையால் வெட்டுவதிலிருந்தும் இந்த யோசனை வந்ததாக அவர் தொடங்கிய ஓல்ஃபா நிறுவனம் சொல்கிறது. இன்று உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் 9, 18 மில்லிமீட்டர் பிளேடு அகலங்களே வழக்கம். வீட்டுக்கு 18 வாங்குங்கள். 9 மில்லிமீட்டர் பிளேடு காகிதத்துக்கு நல்லது, கனமான அட்டையில் வளையும். பிடி உலோகத் தகடு போட்டதாக, பிளேடு ஆடாமல் நிற்பதாக இருக்கட்டும். பிளேடை மட்டும் நல்ல கம்பெனியில் வாங்குங்கள். மட்டமான பிளேடு கோட்டில் உடையாமல் குறுக்கே தெறிக்கும். இடுக்கியால் பிடித்து, முகத்தை விட்டு விலக்கி உடைப்பதே பாதுகாப்பு.

அலுவலகப் பையில் எப்போதும் கிடக்க ஒன்று வேண்டுமானால் விக்டோரினாக்ஸ் கேடட். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி கொண்ட சுவிஸ் கத்தியை எல்லோருக்கும் தெரியும். அதே கம்பெனியின் இந்த மெல்லிய அலுமினியப் பிடி மாடலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மடக்கினால் 84 மில்லிமீட்டர் நீளம். ஒரு அலகு, நகம் ராவும் அரம், டின் திறப்பான், பாட்டில் திறப்பான், கடைசி இரண்டின் நுனியும் ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான், அதனால்தான் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. இதன் எஃகு மிகக் கடினமானது இல்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது சௌகரியமாகவே படுகிறது: சில நிமிடத்தில் திரும்பக் கூர் ஏறிவிடும். இதில் பூட்டு கிடையாது. குத்துவது, துளை போடுவது வேண்டாம், அலகு விரல் மேல் மடங்கிவிடும். போலிகளும் சந்தையில் உண்டு. அலகின் அடிப்பகுதியில் கம்பெனிப் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேட்காமலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே கம்பெனியின் மொட்டை நுனி கொண்ட, பல் வைத்த தக்காளிக் கத்திதான் சமையலறைக்கு என் கணக்கில் மிக மலிவான நல்ல கத்தி. மடங்காது, ஆனால் பழுத்த தக்காளியை நசுக்காமல் வெட்டும்.

மாடித் தோட்டத்துக்கு மடக்குக் கத்தியே தேவையில்லை. மண்ணும் தேங்காய் நாரும் கீலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சுவீடனின் மோரா ஊரில் செய்யப்படும் மோரா கம்பேனியன், பிளாஸ்டிக் உறையோடு வரும் மடங்காத கத்தி. அலகு பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தடிமன் 2.5 மில்லிமீட்டர். ஓபினெலைவிடத் தடிப்பம், ஆனால் கயிறும் குச்சியும் வெட்ட அந்த உறுதி வேண்டும். சேறானால் குழாயடியில் காட்டிக் கழுவலாம். இதில் கூர்ச்சரிவு, அதாவது கருக்கை நோக்கிச் சரிந்து மெலியும் பட்டை, அகலமாக, தட்டையாக இருக்கும். அதை அப்படியே கல்லில் படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பிசகாது. சாணை பிடிக்கப் பழக இதைவிட நல்ல கத்தி இல்லை.

அப்புறம், சீக்கிரம் மழுங்கியதைப் பற்றி. எந்தக் கத்தியும் மழுங்கும். மிச்சம் பிடிக்கும் பணத்தில் இரண்டு பக்கமும் உள்ள ஒரு சாணைக்கல் வாங்குங்கள், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிட்டத்தட்ட வரும் கிரிட் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், கூடக் கூட நைசு). ஓபினெலுக்கும் கேடட்டுக்கும் அலகை முதலில் கல்லில் செங்குத்தாக நிறுத்துங்கள், அதில் பாதி சாயுங்கள், மறுபடி பாதி சாயுங்கள். அதுதான் ஏறக்குறைய வேண்டிய கோணம். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து கருக்கை நோக்கிக் குறுக்கே இழுத்தால் நகத்தில் மாட்டுவது போலத் தெரியும். கருக்கின் நீளத்தோடு விரலை ஓட்டாதீர்கள். பிசிறு அடியிலிருந்து நுனி வரை எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பலர் அதற்கு முன்பே மாற்றிவிட்டு, 'கல் சரியில்லை' என்பார்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கருக்கைப் பின்னோக்கி நாலைந்து தடவை இழுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் வெட்டிப் பாருங்கள். சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. அவசரத்துக்கு, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதுவே நல்ல சாணை.

சட்டம் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். இந்தியாவின் ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவை அதிலும் விலக்கு. மேலே சொன்ன எதுவும் அந்த அளவைத் தொடாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகளின் பக்கம் போகாதீர்கள். விமானத்தில் போகும்போது கேடட் உட்பட எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் மறந்து வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது.