சோலார் நிறுவனம் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே, மறைந்த எங்கள் அப்பாவின் பெயரில் 12 ஏக்கர் செம்பனை நிலம் உள்ளது. பக்கத்து நிலங்களோடு சேர்த்துப் பெரிய சூரியசக்திப் பண்ணை அமைக்க, ஒரு நிறுவனம் அதனை 25 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறது. முதலில் 3 ஆண்டு 'ஆப்ஷன்' பத்திரத்தில் (அக்காலத்துக்குள் விரும்பினால் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தருவது) மூத்த மகனான நான் மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்கிறார்கள். உயில் இல்லை, அம்மா, தம்பி, மணமான தங்கை இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) அப்பாவின் பெயரில் இருக்கும்வரை, மூத்த மகன் என்ற ஒரே காரணத்தால் அந்நிலத்தைப் பிறருக்குக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, அப்பாவைப் பெற்றவர்கள் உயிருடன் இல்லையெனில், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி தங்கை உட்படப் பிள்ளைகள் மூவருக்கும் சமமாகவும் சேரும். அவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், நீதிமன்றம் போகாமலே, நில அலுவலகத்தின் வழி சிறு சொத்துப் பகிர்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

உண்மையில் என்னை அதிகம் உறுத்துவது அந்த ஆப்ஷன்தான். பெரிய சூரியசக்தித் திட்டங்களை எரிசக்தி ஆணையம் டெண்டர் வழியே ஒதுக்குகிறது. டெண்டரில் இறங்கும் நிறுவனம் நிலம் தன் கைவசம் இருப்பதைக் காட்ட வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு அவசரம். டெண்டர் கிடைக்காவிட்டால் அவர்கள் விலகிவிடுவார்கள். நீங்களோ அதுவரை விற்கவும் மறுநடவு செய்யவும் முடியாமல் காத்திருப்பீர்கள். நிறுவனம் நிலத்தின்மீது தனியார் கேவியட் (நிலத்தை விற்பது, பெயர் மாற்றுவது போன்ற பதிவுகளைத் தடுக்கும் குறிப்பு) போட்டுவிட்டால், அகற்றப்படாத வரை அது 6 ஆண்டுகள் நீடிக்கக்கூடும். ஆகவே, ஆப்ஷன் கட்டணம் திருப்பித் தரப்படாது, டெண்டர் தோற்றால் ஆப்ஷனும் கேவியட்டும் உடனே முடிவுறும், குத்தகை தொடங்கும்வரை குலை வெட்டும் உரிமை குடும்பத்துக்கே என்பவை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி வேண்டாம்.

3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமெனில் உச்சவரம்பு 30 ஆண்டுகள். விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்கீழ் மாநில அரசின் அனுமதி தேவை. அனுமதியின்றிப் பேனல்கள் எழும்பினால், நிபந்தனை மீறலுக்காக நிலமே பறிபோகும் ஆபத்து உரிமையாளருக்குத்தான். அந்த அனுமதியும் அதற்காக மாநில அரசுக்குக் கட்டும் பிரீமியமும் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். குத்தகை முடிந்தபின் இரும்புத் தூண்களையும் கான்கிரீட்டையும் பெயர்த்தெடுக்கும் செலவுக்கு வங்கி உத்தரவாதமும் கேளுங்கள். பத்திரத்தைத் தயாரித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்பதால், உங்களுக்கெனத் தனியாக ஒருவரை அமர்த்திக்கொள்வது அவசியம்.