நீண்ட காலம் வாழ்ந்து மறைந்த தாத்தாவைப் பற்றி நினைவுக் கட்டுரை எழுத எங்கிருந்து தொடங்குவது?

பிறந்த ஆண்டு, வேலையில் சேர்ந்த ஆண்டு, பிள்ளைகளின் பெயர்கள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதில் தாத்தாவைக் காணவில்லையே என்று திகைத்த பிறகே இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது.

என் தாத்தா 1921-இல் பிறந்து 2017-இல் மறைந்தார். நான் பிறந்தபோது அவருக்கு வயது 64. ஆகவே, நான் அறிந்தது அவர் வாழ்வில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே. நரைத்த தலையோடும் ஊன்றுகோலோடும் பிறந்தவர் போலத்தான் அவர் என் மனத்தில் இருந்தார். நான் முதலில் எழுதியது ஒரு முதியவரின் கதையாக இருந்ததே தவிர, 96 ஆண்டுகள் வாழ்ந்தவரின் கதையாக இல்லை.

மீதியை அவர் சொல்லாமல் இல்லை. பத்தொன்பது வயதில், வெள்ளம் புரண்ட ஆற்றைத் தம்பியைத் தோளில் சுமந்து கடந்த கதையை வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்வார். ஒருநாள், ஏதோ அவசரத்தில், "நூறு முறை கேட்டாயிற்று, தாத்தா" என்றேன். சிரித்துக்கொண்டே செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். அதன்பின் அந்தக் கதையை என்னிடம் அவர் சொல்லவேயில்லை.

முதியவர்கள் பழையதையே திரும்பத் திரும்பப் பேசுவது மூளைத் தளர்ச்சி அன்று, வாழ்ந்த வாழ்வைத் தமக்குள் சரிபார்த்துக்கொள்ளும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே எழுதியிருக்கிறார். வயதானவர்களின் நினைவில் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாகத் தங்குகின்றன என்பதையும் பிற்காலத்தில்தான் படித்தேன். உளவியலைக் காட்டி என் பிழையை மறைக்கிறேன் என்று யாரேனும் சொல்லக்கூடும். படித்த பிறகு உறுத்தல் கூடியதேயன்றிக் குறையவில்லை.

இன்னொன்று. "கடைசிக் காலத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்" என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டேன். முதுமையில் செவித்திறன் குறையும்போது உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்கும். பலர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் சொற்களைப் பிரித்தறிவது கடினமாகிவிடும். அவர் பேச்சைக் குறைக்கவில்லை. கூட்டமாக உட்கார்ந்து நாங்கள் பேசியது அவருக்குப் பிடிபடவில்லை. தனியே அருகில் அமர்ந்து நிதானமாகக் கேட்டவர்களிடம் இறுதிவரை பேசினார்.

அந்த ஆற்றுக் கதையை எழுத உட்கார்ந்தபோது, தோளில் இருந்தது இரு தம்பிகளில் எவர் என்பது எனக்குத் தெரியவில்லை. நூறு முறை கேட்டேன் என்று சொன்னவன் நான்! தம்பியர் இருவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர். பெரியப்பா ஒருவர் பெயரைச் சொன்னார், அத்தை மற்றவர் பெயரைச் சொன்னார், இரண்டையும் எழுதினேன். "என்கிறார்கள், என்கிறார்கள் என்று எழுதினால் அப்பாவையே சந்தேகிப்பது போலிருக்கிறது" என்று பெரியப்பா கோபித்துக்கொண்டார். தாத்தாவின் கடைசி நான்கு ஆண்டுகளில் இருமுறை மட்டுமே வந்து போனவருக்கு வரிகளைத் திருத்த மட்டும் நேரம் இருந்தது. நான் மாற்றவில்லை.

எனவே, தலைப்பையும் முதல் வரியையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தாவை இளைஞராகப் பார்த்தவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த வாரமே அவரிடம் சென்று தனியாக அமருங்கள். ஏற்கெனவே கேட்ட கதையாகவே இருந்தாலும், யார், எப்போது, உடன் எவர் இருந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.