பழைய கார், புதிய கார்: ஓட்டும் சுகம் எங்கே இருக்கிறது? (கேள்வி பதில்)

தருமபுரியில் கார் பட்டறை நடத்துகிறேன். ஓய்வு கிடைக்கும்போது பழைய வண்டிகளைச் சீர்செய்து ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். விலை, மைலேஜ், எந்த வண்டி வாங்கலாம் என்னும் மூன்றையும் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி அந்த மூன்றைப் பற்றியவைதான்.

கேள்வி (ராயக்கோட்டை): அப்பா ஓட்டிய மாருதி 800 ஒன்றும், அண்மையில் வாங்கிய சிறிய எஸ்.யூ.வி. ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குப் போகும்போது 800-இல் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே மனம் துள்ளுகிறது. புதிய வண்டியில் நெடுஞ்சாலையில் 100-இல் போனாலும் கொட்டாவி வருகிறது. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை, அதற்கு இயந்திரக் காரணங்கள் உண்டு. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினுடன் ஏறத்தாழ 650 கிலோ எடைதான் இருந்தது. உங்கள் எஸ்.யூ.வி. அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். மோதலைத் தாங்கும் உடற்கட்டு, காற்றுப்பைகள், குளிர்சாதனம், ஒலித்தடுப்பு, பெரிய சக்கரங்கள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எடையைக் கூட்டியிருக்கிறது. எடை கூடினால் வளைவில் வண்டியைத் திருப்பவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும். அந்த விசையைத் தர அகலமான டயரும் வலுவான பிரேக்கும் வந்துவிட்டன. ஆனால் உடல் திரும்பும்போது உண்டாகும் தயக்கத்தை அவற்றால் முழுவதும் மறைக்க முடியாது.

அடுத்தது டயர். 800-இன் டயர் 12 அங்குலச் சக்கரத்தில் 145 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதன் பிடிப்பின் எல்லை தாழ்வாக இருப்பதால், 50 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சக்கரம் சுமையை ஏற்கிறது என்பதெல்லாம் உங்கள் உள்ளங்கைக்கும் இருக்கைக்கும் தெரிந்துவிடுகிறது. 200 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் போட்ட வண்டியில் அதே உணர்வைப் பெற வேண்டுமானால், நம் கிராமச் சாலைகளில் எவரும் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டியிருக்கும். தாழ்ந்த இருக்கை, கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தூண்கள், காதில் விழும் எஞ்சின் ஒலி ஆகியவையும் வேகத்தை மிகைப்படுத்திக் காட்டுகின்றன. சுகம் என்பது வேகத்தின் அளவில் இல்லை, ஓட்டுபவருக்கு எவ்வளவு செய்தி வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து.

மறக்காமல் ஒன்றைச் சொல்கிறேன்: அந்த மெல்லிய தூண்கள் வண்டி உருண்டால் உங்களைக் காக்க மாட்டா. அதனால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது புதிய வண்டியை எடுங்கள்.

கேள்வி (அரூர்): புதிய காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால், யோசித்துவிட்டுப் பிறகு போகிறது. பழைய மாருதி எஸ்டீமில் அப்படி இல்லை. ஏன்?

பதில்: எஸ்டீமில் மிதியடிக்கும் எஞ்சினின் காற்று வாயிலுக்கும் இடையே ஒரு கேபிள் மட்டுமே உண்டு. இன்றைய கார்களில் மிதியடியில் இருப்பது உணரிதான்; அது கணினிக்குச் செய்தி அனுப்ப, கணினி மோட்டார் மூலம் வாயிலைத் திறக்கிறது. எவ்வளவு திறப்பது, எவ்வளவு விரைவாகத் திறப்பது என்பதை உங்கள் கால் மட்டும் தீர்மானிப்பதில்லை. புகை விதிகளையும் எரிபொருள் கணக்கையும் கருதிக் கணினியும் தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தபின் இந்தக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால், அது சுழன்று அழுத்தம் தரும் வரையிலான தாமதமும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சொன்னவுடன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இருந்த காலம் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததும், சித்திரை வெயிலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பில் ஆவி அடைத்து நடுச்சாலையில் நின்ற பிரீமியர் பத்மினி காரின் பம்புக்கு ஈரத்துணி சுற்றியதும் அந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால், 1990-களின் இறுதி முதல் 2000-களின் நடுப்பகுதி வரை வந்த கார்களே ஓட்டுவதற்குச் சிறந்தவை. எரிபொருளை இன்ஜெக்டர் அளந்து தரும், ஆக்சிலேட்டருக்குக் கேபிள் இருக்கும், பவர் ஸ்டியரிங் பெரும்பாலும் ஆயிலில் இயங்கும், எடை இன்னும் ஏறியிருக்காது. முக்கால் டன் அளவே இருந்த பழைய மாருதி ஜென், 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு ஐகான், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி ஆகியவற்றை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): அம்பாசிடர் எவ்வளவு மைலேஜ் தரும்?

பதில்: இதைக் கேட்பவர் அம்பாசிடர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (பென்னாகரம்): எங்கள் பத்மினியில் ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போது மாமா எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவார். பெட்ரோலும் மிச்சம், வண்டி மிதப்பது போன்ற சுகமும் உண்டு என்கிறார். சரியா?

பதில்: தவறு, அதுவும் உயிரை வாங்கும் தவறு. கியரில் இருக்கும்வரை எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; நியூட்ரலில் விட்டால் மொத்தச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பழைய டிரம் பிரேக்கில் சூடு வெளியேற வழி குறைவு. லைனிங் சூடேறினால் பிடிப்புக் குறையும், பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அதில் ஊறிய நீர் கொதித்து ஆவியாகும், மிதி தரைவரை போகும். எஞ்சினின் உறிஞ்சு விசை (வேக்குவம்) பிரேக்குக்கு உதவும் வண்டியில் எஞ்சினை அணைத்தால் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். சாவியை முழுவதும் திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

மிச்சம் என்னும் கணக்கும் இன்ஜெக்டர் வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் அவை பெட்ரோலையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போனவற்றின் மேல் ஏறியிருக்கின்றன என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலைப் பொறியாளர்): மன்னிக்கவும், நீங்கள் சொல்வது இளமைக்கால ஏக்கம்தான். புதிய கார் குறைந்த தூரத்தில் நிற்கிறது, வளைவில் உறுதியாகத் திரும்புகிறது. ஆட்டத்தையும் இரைச்சலையும் செய்தி என்று பெயரிட்டு அழைக்கிறீர்கள்.

பதில்: நிற்கும் தூரத்திலும் பிடிப்பிலும் புதிய காரே மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் மழைநாளில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்போது யாருக்கும் ஏக்கம் வராது. ஆனால் எல்லா ஆட்டமும் இரைச்சல் அல்ல. முன்சக்கரத்தைத் திருப்பினால், அது மீண்டும் நேராக நிற்க முயன்று ஸ்டியரிங்கைத் தள்ளுகிறது. டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது அந்தத் தள்ளல் குறைந்து ஸ்டியரிங் இலேசாகிறது. வண்டி வழுக்கப்போகிறது என்று சாலை தரும் முன்னறிவிப்பு அது. உதவியில்லாத ஸ்டியரிங்கில் அது நேராகக் கைக்கு வரும். ஆயில் ஸ்டியரிங்கில் ஓரளவு வரும். ஸ்டியரிங் தண்டில் மோட்டார் பொருத்திய வகையில், மோட்டாரின் சுழற்சி நிலைமமும் பற்சக்கர உராய்வும் அந்தச் சிறிய விசையை விழுங்கிவிடும். இது அளந்து பார்க்கக்கூடிய ஒன்று.

கேள்வி (அதியமான்கோட்டை): நான் அம்பாசிடர் டாக்சி ஓட்டிப் பிழைத்தவன். சுகம் என்று பேசுபவர்கள், கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு விடிய விடிய அதை ஓட்டியிருக்க மாட்டார்கள். தோளும் முழங்காலும் இன்றும் வலிக்கின்றன. மகனுடைய புதிய வண்டியில் ஏறினால்தான் எனக்கு நிம்மதி.

பதில்: ஐயா, உங்கள் சொல்லுக்கு நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். வயிற்றுப் பிழைப்புக்காக ஓட்டுவது வேறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் விரும்பி ஓட்டுவது வேறு. நாங்கள் சுகம் என்று சொல்வது, களைப்பதற்கு முன்பே வீடு திரும்பிவிடலாம் என்ற உரிமை உள்ளவர்களுடைய சுகம். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950-களின் இறுதியில் வந்து 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அந்த வண்டியை, குண்டும் குழியும் தாங்கும் என்பதற்காகவே டாக்சிக்காரர்கள் நம்பினார்கள். ஓட்டுபவரின் உடலை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் ஒத்திசைவு இல்லாத பழைய கியர்பாக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை இருமுறை மிதித்து, அதாவது டபுள் கிளட்ச் போட்டுச் சத்தமில்லாமல் முதல் கியருக்கு இறக்கிய கைகள் உங்களுடையவை. அந்தக் கைப்பழக்கத்தில் உங்களுக்குக் கொஞ்சமும் பெருமை இருந்ததில்லையா?

அதியமான்கோட்டை மீண்டும்: பெருமை இருந்தது. அதற்காக மறுபடி ஓட்டச் சொன்னால் ஓட்ட மாட்டேன்.

ஓசூர் மீண்டும்: பார்த்தீர்களா? மேலும், மோட்டார் ஸ்டியரிங்கையும் உணர்வுள்ளதாக அமைக்கலாம். குற்றம் மோட்டாருடையது அல்ல.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். மோட்டாரைத் தண்டில் வைக்காமல், கீழே சக்கரங்களைத் திருப்பும் ரேக்கில் வைத்து, உராய்வைக் குறைத்து, மென்பொருளைக் கவனமாக அமைத்தால் நல்ல ஸ்டியரிங் கிடைக்கும். அப்படிப்பட்ட கார்கள் இருக்கின்றன. ஆனால் அதற்குச் செலவாகும். நம்மவர் ஷோரூமில் ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி ரவுண்டானா நெரிசலில் நாள்தோறும் சிக்குபவருக்கு அது நியாயமான விருப்பம்தான். ஆகவே தயாரிப்பாளர் இலேசான ஸ்டியரிங்கைத் தருகிறார். பழைய கார் சுகமாக இருந்தது, யாரோ சுகத்தைத் திட்டமிட்டதால் அல்ல; இடையில் நிற்கும் கருவிகளைப் பொருத்தப் பணமும் நுட்பமும் இல்லாததால். இந்த அளவுக்கு நீங்களும் இறங்கி வந்தால் நாம் ஒரே இடத்தில் நிற்கிறோம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பின்சக்கரம் இழுப்பதால்தானே ஹிந்துஸ்தான் கான்டெஸ்ஸா கார் அவ்வளவு நன்றாக இருந்தது?

பதில்: ஒரு பகுதி உண்மை. எஞ்சினின் இழுப்பு முன்சக்கரத்துக்குப் போகாததால் ஸ்டியரிங் கலப்படமில்லாமல் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினையே அந்தப் பெரிய உடலுக்குள் வைத்திருந்தபோது மேலுமலை ஏற்றத்தில் அது பட்ட பாட்டை யாரும் சுகம் என்று சொல்லவில்லை. ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே அதற்கு மரியாதை வந்தது. இறங்கும்போது நியூட்ரல் கூடாது என்பது கான்டெஸ்ஸாவுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (பாப்பாரப்பட்டி): இப்போது வரும் எத்தனால் பெட்ரோலைப் பழைய வண்டிக்கு ஊற்றலாமா?

பதில்: பங்க்கில் கிடைப்பது அதுதான் என்பதால் வண்டியைத் தயார்செய்ய வேண்டும். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் டயாஃப்ரத்தையும் அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் வகைக்கு அவற்றை மாற்றிவிடுங்கள். டாங்கில் படிந்த துருவை அது கழற்றிவிடுவதால் தொடக்கத்தில் ஃபில்டர் அடிக்கடி அடைபடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகையால் மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறினால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். வால்வு சீட்டைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதால், அதற்கு முந்தைய இரும்பு ஹெட்டுகளில் (எஞ்சினின் மேல்பகுதி) வால்வு வந்து அமரும் சீட்டு தேய்கிறதா என்பதையும் பார்த்து, தேவையானால் லேத்தில் கொடுத்துக் கடினமான சீட்டு பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): 15 ஆண்டு முடிந்த காரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் உயர்ந்தது, 20 ஆண்டு கடந்த வண்டிக்கு மேலும் கூடுதல். இன்றைய தொகையை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 50 ஆண்டு கடந்தவற்றுக்குத் தனியாக விண்டேஜ் பதிவு உண்டு, ஆனால் அவற்றை அன்றாடம் ஓட்டக் கூடாது.

கேள்வி (பர்கூர்): பழைய ஜென் வாங்கினால் எவ்வளவு கொடுக்கலாம்? மைலேஜ் எப்படி?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (மாரண்டஅள்ளி): மகள் கார் கற்றுக்கொள்ளப் போகிறாள். வீட்டில் 800 இருக்கிறது. அதில் கற்றால்தான் ஓட்டத் தெரியும் என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் போதும் என்கிறாள் அவள்.

பதில்: கற்கும் காலத்தில்தான் தவறுகள் நடக்கும், ஆகையால் காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வண்டியில் கற்கட்டும். ஆனால் அது கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் நல்லது. ஆட்டோமேட்டிக்கில் உரிமம் வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. பிறகு அவளே விரும்பினால், 800-க்குப் புதிய டயரும் பிரேக் ஆயிலும் போட்டு, விடிந்தவுடன் ஆளில்லாத கிராமச் சாலையில் ஓட்டக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி (தருமபுரி): வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மைலேஜ் கூடுமா?

பதில்: பென்னாகரத்துக்காரருக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது. மைலேஜைச் சேர்த்துக் கேட்டதற்காகத் தனியாகப் பதில் சொல்ல மாட்டேன்.