அந்த மந்திரக்கோல் ஸ்னேப்புடையது அல்ல

ஹாரி பாட்டர் கதையில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கொன்றது ஆசிரியர் ஸ்னேப், ஸ்னேப்பைக் கொன்றது வில்லன் வால்டெமார்ட். அப்படியிருக்க, டம்பிள்டோர் வைத்திருந்த, எல்லாவற்றிலும் வலிமையான எல்டர் மந்திரக்கோல் ஏன் ஹாரிக்குக் கட்டுப்படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 2011இல் கடைசிப் படத்தைத் தியேட்டரில் பார்த்தபோது நானும் இதே இடத்தில்தான் முழித்தேன்.

கொல்வது கணக்கே இல்லை நண்பரே. யார் கையிலிருந்து யார் கோலைப் பறித்தார் என்பதுதான் கணக்கு. ஆறாவது படத்தில் கோபுர உச்சிக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்னேப் மேலே வருவதற்கு முன்பே ஹாரியோடு படிக்கும் டிராகோ மால்ஃபாய் ஒரு மந்திரம் சொல்லி டம்பிள்டோரின் கோலைப் பறக்க விட்டுவிடுவான். அந்த நொடியே கோல் அவனுடையது, பாவம், அவனுக்கே தெரியாது! அப்புறம் ஏழாவதின் முதல் பாகத்தில், மால்ஃபாய் மாளிகைச் சண்டையில் டிராகோவின் கையிலிருந்து ஹாரி கோல்களைப் பிடுங்குகிறான். அவை டிராகோ வைத்திருந்த வேறு கோல்கள்தான், ஆனாலும் எல்டர் கோலின் விசுவாசமும் கூடவே மாறிவிடுகிறது. ஆக, கோல் ஸ்னேப்புடையது என்று நினைத்து வால்டெமார்ட் அவரைக் கொன்றது வீண்.

கடைசிப் படத்தில் பாலத்தின்மேல் நின்று ஹாரி இதைச் சொல்கிறான், ஆனால் நாலே வரியில். கொஞ்சம் அசந்தால் போச்சு. அதோடு கோலை ஒடித்து வீசியும் விடுகிறான். நாவலில் அப்படி இல்லை. உடைந்த தன் பழைய கோலை முதலில் அதை வைத்துச் சரிசெய்துகொள்வான். எனக்கு அதுதான் பிடிக்கும்.