மூத்தோர் சொல் வன்முறையைத் தடுக்குமா?

கேள்வி: ஆஸ்திரேலிய நகரங்களில் வாழும் பழங்குடியினர், குடும்ப வன்முறையைத் தடுக்கத் தம் மூத்தோரையே முன்னிறுத்துகிறார்களாமே, நம் பக்கம் அது பலிக்குமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: 1970கள் வரை அரசே குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சென்றதால் உண்டான காயம் தலைமுறைகளாக ஆறாதிருக்கும் அச்சமூகத்தில், மெல்பர்னின் தார்டி முன்வுரோ போன்ற பழங்குடியினரின் சொந்த அமைப்புகள், ஆண்களை மூத்தோருடன் அமரவைத்து, தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கப் பழக்குகின்றன. நம் டெல்டா கிராமங்களிலோ, அடிபட்டு வந்தவளைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பும் பெரியவர்களே அதிகம் (அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர் வேறு!). அடித்தவனைக் கூப்பிட்டுக் கேட்கும் பெரியவர் இருந்தால் மட்டுமே அவ்வழி இங்கே பலிக்கும். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.