டிவி சமையல் நிகழ்ச்சிகளாலும் பிரபல செஃப்களாலும் நம் சமையலுக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா? உங்கள் கருத்து என்ன?

உண்டு. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா மதுரையில் சமையல் மாஸ்டர். ஓட்டல் மாஸ்டர் இல்லை, விசேஷ வீட்டுச் சமையல். காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு, கருமாதி எல்லாவற்றுக்கும் போவார். அதிலும் பாண்டி கோவிலில்தான் அதிக நாள் நிற்பார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மேலமடைப் பக்கம் இருக்கிற பாண்டி முனீஸ்வரர் கோவில் அது. நேர்ந்துகொண்டவர்கள் கிடாயோடு வந்து, வெட்டி, அங்கேயே சமைத்து, சொந்தபந்தங்களுக்குப் பந்தி வைத்துவிட்டுப் போவார்கள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் பத்து மணிக்கு இலை போட்டாக வேண்டும். குழம்பு, சுக்கா, குடல், ஈரல், ரத்தப் பொரியல், ரசம் என்று ஒன்று பாக்கி இல்லாமல் வர வேண்டும்.

40 வருடம் அந்த வேலை பார்த்தார். அந்த 40 வருடத்தில் அப்பா யாருக்கும் அளவு சொன்னதில்லை. மசாலா போடுகிற நேரம் வந்தால் கூட நிற்கிற பையனை வெங்காயம் எடுத்துவர அனுப்பிவிடுவார். கேட்டால், "தொழிலச் சொல்லிக்குடுத்தா நாளைக்கு அவன் இருநூறு ரூவா கொறச்சுக் கேட்டு நம்ம ஆர்டரப் பிடிச்சிருவான்" என்பார். அதில் தப்பு சொல்ல முடியாது. கூலிக்குச் சமைக்கிறவரிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான். எனக்கும் அம்மாவுக்கும்கூட அவர் குழம்புப் பொடிக்கு என்னென்ன வறுக்கிறார் என்பது முழுதாகத் தெரியாது.

2000களில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தது. வேலை இல்லாத நாளில் அப்பா மதியம் படுத்துக்கொண்டு சமையல் நிகழ்ச்சி பார்ப்பார். செஃப் தாமு வந்தால் பார்ப்பார், பிறகு வெங்கடேஷ் பட் வந்தபோது அவரையும் பார்ப்பார். முதலில் எல்லாம் குறைதான். "இந்தச் சட்டியில நாலு பேருக்குச் செய்யிறதுல என்ன இருக்கு, நானூறு பேருக்கு வைக்கச் சொல்லு பார்ப்போம்" என்பார். 2010இல் தாமு 24 மணி நேரம் விடாமல் சமைத்துக் கின்னஸ் சாதனை செய்தார் என்று செய்தி வந்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றவருக்குத்தான் 24 மணி நேரம் என்றால் என்னவென்று தெரியும்.

அப்புறம் ஒருநாள் ஏதோ ஒரு நிகழ்ச்சி. எந்தச் சேனல் என்று நினைவில்லை. வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கும்போது எண்ணெய் பிரிந்து வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று அந்த செஃப் விளக்கிக்கொண்டிருந்தார். சட்டியில் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரை மசாலா வேகத்தான் செய்யும், வறுபடாது. தண்ணீர் வற்றியபிறகுதான் சூடு ஏறும், பச்சை வாடை போகும், மணம் எழும்பும். எண்ணெய் பிரிகிறது என்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவுதான் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா, இத நான் இத்தனை வருசமாச் செய்யிறேன். ஏன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அன்றிலிருந்து எந்தச் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தாலும் நான் ஒன்றைத்தான் கவனிக்கிறேன். சமைக்கிறவர் காரணம் சொல்கிறாரா? சுக்காவுக்குக் கறியைத் தன் தண்ணீரிலேயே ஏன் வேகவிடுகிறோம், சீரகச் சம்பாவுக்குத் தண்ணீர் அளவு ஏன் பாசுமதிக்கு மாதிரி இல்லை, மாவு புளிக்கவில்லை என்றால் எங்கே தப்பு நடந்திருக்கும் என்று சொல்கிறவரை ஆசிரியர் என்று நான் மதிக்கிறேன். வெங்கடேஷ் பட்டை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான். அவருடைய யூடியூப் வீடியோக்களில் உப்பு முதற்கொண்டு அளவைச் சொல்கிறார், ஏன் என்றும் சொல்கிறார். பேச்சு நீளம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் பேசத்தான் வேண்டும்.

போட்டி நிகழ்ச்சிகள் வேறு வகை. 2019இல் விஜய் டிவியில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யை நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம், சிரித்தோம். கொரோனா காலத்தில் பாண்டி கோவில் அடுப்பெல்லாம் அணைந்து, அப்பாவுக்கு மாதக்கணக்கில் ஒரு ஆர்டர்கூட இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது அவரைச் சிரிக்கவைத்தது அந்த நிகழ்ச்சிதான். அந்த நன்றி எனக்கு உண்டு. இரண்டாவது சீசனில் ஜெயித்த கனியைக் காரக்குழம்பு கனி என்று ஊரே சொன்னது. பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் நடுவில் ஒரு காரக்குழம்புக்கு அந்தப் பெருமை கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அதைப் பார்த்து யாரும் சமையல் கற்றுக்கொள்ள முடியாது. அடுப்பில் என்ன நடக்கிறது என்பதைக் காட்ட அங்கே நேரமே இல்லை. 2021இல் சன் டிவியில் விஜய் சேதுபதி நடத்திய மாஸ்டர் செஃப் நிகழ்ச்சியிலும் கடிகாரத்தையும் முகங்களையும்தான் அதிகம் பார்த்தோம்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றவர்கள் எத்தனை வருடமாக நமக்குச் சமையல் சொல்லித்தருகிறார்கள்! செட்டிநாட்டுச் சமையலில் ரேவதி சண்முகம் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் பெண்கள் என்றால் 'சமையல் கலை நிபுணர்' என்றோ 'அம்மா' என்றோதான் அழைக்கிறோம். வெள்ளைக் கோட்டும் செஃப் என்ற பட்டமும் ஆண்களுக்கே போகிறது. வீட்டில் மூன்று வேளையும் கரண்டி பிடிப்பது யார் என்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள். 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அதில் வரும் பெரியதம்பி ஐயா முன்பு விசேஷங்களுக்குச் சமைத்தவர். அப்பா அவர் கரண்டி பிடிப்பதைப் பார்த்தே சொல்லிவிட்டார், "இது நம்ம ஆளு, கை பழகியிருக்கு" என்று. வயல்வெளியில் அடுப்பு வைத்து, கிலோக் கணக்கில் அம்மியில் அரைத்து, பெரிய அண்டாவில் வைக்கிறார்கள். ராகுல் காந்தி வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்ட வீடியோவை அப்பா நாலைந்து தடவை பார்த்தார். ஒரு சமையல்காரரோடு அத்தனை பெரிய ஆள் சமமாக உட்கார்ந்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சேனலிலிருந்து கிடாவெட்டுச் சமையல் எடுக்க வந்தார்கள். அப்பா அரை நாள் நின்று செய்துகாட்டினார். யாருக்கும் காட்டாத பொடியைக்கூடக் கேமரா முன்னால் வறுத்தார். ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. தொகுப்பாளர் குழம்பை ருசித்து ஆஹா என்றார், அண்டாவைக் காட்டினார்கள், புகையைக் காட்டினார்கள், அப்பாவின் கையைக் காட்டினார்கள். முகம் ஒரு நிமிடம்கூட வரவில்லை, பெயர் வரவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சமையல்காரர் பெயரை விடுவது நமக்குப் பழக்கம்தான். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் தங்கள் ஊர்ச் சாமி பெயரில் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் திறந்தார்கள். தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயர் தெரியும். உள்ளே அடுப்படியில் நின்றவர் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? மதுரைக்கு வருகிற கேமராக்களும் கறி தோசை, பன் பரோட்டா, ஜிகர்தண்டா என்று இந்த மூன்றோடு திரும்பிவிடுகின்றன. பருத்திப்பால் காய்ச்சுகிறவரையும், முள்ளுமுருங்கை அடை தட்டுகிற பாட்டியையும், சௌராஷ்டிரர் வீட்டு அம்பட் பாஜியையும் யார் காட்டுவது?

ஆனாலும் இந்தப் பிரபலங்களால் நடந்த பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. 1999இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார்கள். சமையல் வேலை என்று சொன்னதும் ஒரு அமைதி விழுந்தது. ஒரு வரன் அதனாலேயே தட்டிப்போனது. இன்று என் மகன் கேட்டரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறான். "செஃப் ஆகப்போறானா!" என்று சொந்தக்காரர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். அதே அடுப்பு, அதே கரண்டிதான். இந்த மரியாதையைக் கொண்டுவந்தது டிவிதான், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அவனோடு சேர்ந்தவர்களில் சிலர் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் காலையிலிருந்து ராத்திரிவரை வெங்காயம் உரிக்க வைத்தார்களாம், பாத்திரம் கழுவ வைத்தார்களாம். டிவியில் வெங்காயம் நறுக்கித் தயாராகக் கிண்ணத்தில் இருக்கும். அதை நறுக்கியவரை நாம் பார்ப்பதில்லை. பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு ராத்திரி அவர்களை நிற்கவைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

என் மகன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பது செஃப் விஜயகுமாரின் படம். நத்தம் பக்கம் அரசம்பட்டிக்காரர். எங்கள் வீட்டிலிருந்து நத்தம் ரோட்டுப் பாலத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவர் ஊர்ப் பக்கம் போய்விடலாம். திருச்சியில் அரசு கேட்டரிங் கல்லூரியில் படித்தவர். நியூயார்க்கில் அவர் தலைமைச் செஃப்பாக இருக்கும் 'செம்மா' உணவகத்துக்கு 2022இல், நல்ல உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் அமெரிக்காவில் சமையலுக்குத் தரும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்க வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அங்கே அவர் பரிமாறுகிற பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். வயலில் பொறுக்கிய நத்தை! எங்கள் பக்கம் மூலச்சூட்டுக்கு நல்லது என்று சாக்குச் சொல்லித்தான் அதைச் சாப்பிடுவார்கள், இல்லாதவர்கள் சாப்பாடு என்று பேர். அதற்கு முன், 2021ஆம் வருடம் மாஸ்டர் செஃப் ஆஸ்திரேலியாவின் கடைசிச் சுற்றில் கிஷ்வர் சௌத்ரி என்ற பெண்மணி, வங்காளத்துப் பாந்தா பாத்தை வைத்தார். நம் பழைய சோறுதான் அது. மூன்றாம் இடம் வாங்கினார். இந்த இரண்டையும் அப்பாவுக்கு என் மகன்தான் போனில் காட்டினான். வெட்கப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் ஒருவர் தலை நிமிர்ந்து பரிமாறுவதைப் பார்த்தபோது அப்பாவின் கண் கலங்கியது.

அப்பாவுக்கு இப்போது 76 வயது. அடுப்படிக்குப் போவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூப்பிட்டு, "ஒரு நோட்ட எடுத்தாடா, சொல்றேன்" என்றார். 10 கிலோ கறிக்கு எவ்வளவு சின்ன வெங்காயம், எவ்வளவு வத்தல், எவ்வளவு மல்லி என்று வரிசையாகச் சொன்னார். கல்லுப்பு வந்ததும் நின்றுவிட்டார். "அது கைக்குத்தான்டா தெரியும்." என் மகன் எடைபோடும் சின்ன மெஷினைக் கொண்டுவந்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, "நீங்க எப்பவும் போடுற மாதிரி ஒரு கை போடுங்க தாத்தா" என்றான். போட்டார். 56 கிராம். கொட்டிவிட்டு மறுபடி போடச் சொன்னான். 58. மூன்றாவது தடவை 56.

அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக்க" என்றார். மிளகும் சீரகமும் வறுக்கிற பதம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு அடுப்புப் பக்கத்தில் நின்றால்தான் முடியும் என்று சொல்லியிருக்கிறார். தீபாவளி லீவில் மகன் வந்ததும் உட்காருகிறோம்.